சிரட்டைக் கரியில் ஓடிய பஸ்

மச்சான்,

இன்று காலை கல்லடியில் ஒரு தேநீர்க்கடையில் சிரட்டைக் கரி மூட்டினார்கள். அந்த மணம் மூக்கில் ஏறியதும், கேட்ட தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

உலகச் சண்டைக் காலத்தில் பெற்றோல் கூப்பனுக்கு மட்டும் அளந்து கிடைத்தபோது நம்முடைய பஸ் களுவாஞ்சிக்குடியில் அசையாமல் நின்றது. “கரியில ஓட்டுவம்” என்று நீதான் சொன்னாய். பின்பக்கம் ஆளுயர இரும்புத் தொட்டியைப் பொருத்தினோம். அதில் கரியை மூட்டி, கைபிடி வைத்த விசிறியைச் சுழற்றினால், எழும் வாயு குழாய் வழியே எஞ்சினுக்குப் போகும். நீ ஓட்டினாய், நான் ரிக்கற் கொடுத்தேன், கரி போட்டேன். முதலில் கண்டல் மரக் கரி. ஒரு மூட்டையில் பட்டணம் போய்ச் சேரவே திணறியது. பாலத்து ஏற்றத்தில் சனம் இறங்கித் தள்ளியது. பிறகு தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்டுப் பார்த்தாய். அதே ஒரு மூட்டையில் பட்டணம் போய், பாதி வழி திரும்பியும் வந்தோம்.

“பெற்றோலுக்குள்ள இழுவையில பாதிதான். எண்டாலும் ஓடுது பாருகா!” என்றாய்.

அன்று உன் முகத்தில் கரி படியாமல் இருந்தது பல் மட்டும்தான்.

அந்த மார்கழியில் மழை விடவேயில்லை. மத்தியானப் பயணத்துக்காக நீ ஷெட்டுக்குள் தொட்டியை மூட்டிக்கொண்டிருந்தாய். சாரல் அடித்துக் கரிமூட்டைகள் நனைந்தன. கதவைச் சாத்தினேன்.

“சாத்தாத மச்சான், புகை போகாது.”

“தார்ப்பாய் எடுத்துவந்து மூடிப்போட்டு, மறுகா திறக்கிறன்.”

தார்ப்பாய் எடுக்கப் போன வழியில் மழை வலுத்தது. ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். அரைமணி நேரம் இருக்கும். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது நீ விசிறிக் கைபிடியில் சாய்ந்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்து இரண்டுமுறை ஏசினேன், மச்சான்.

கரிவாயு என்றார் டாக்குத்தர். மயக்கம் வருவதே தெரிந்திருக்காதாம்.

செத்தவீட்டில் உன் மனைவி என்னிடம் கேட்டாள்: “அண்ணன், கதவ ஆரு சாத்தின?”

“காத்துல சாத்துப்பட்டிருக்கும், தங்கச்சி.”

அவள் நம்பினாள். “அவரு வேலையில கவனிச்சிருக்கமாட்டார்” என்று அழுதாள்.

சண்டை முடிந்து பெற்றோல் வந்தது. தொட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். போன ஆவணியில் உன் மகளுக்குக் கல்யாணம். “அவர் நிக்கிற இடத்தில நீங்க நில்லுங்க, அண்ணன்” என்றாள் உன் மனைவி. நின்றேன். பிள்ளை என் காலில் விழுந்தபோது, அவள் தலையில் கையை வைத்து எடுத்து, பந்தலைவிட்டு வெளியே போனேன். சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. உண்மை தெரிந்த இன்னொருவன் நீ மட்டும்தான்.