பாம்பு கேசட்டும் எடுத்து வைத்த சோறும்

ராயபுரம், திருப்பூர்
நவம்பர் 2008

அன்பு மகள் சுகந்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதினால் நம்ப மாட்டேன், போனில் நீ அழுத அழுகை இன்னும் காதிலேயே நிற்கிறது. திரும்பப் பேசினால் என்னையும் அழ வைத்துவிடுவாய் என்றுதான் கடிதம். புனேவில் வீடியோ கேம் செய்கிற கம்பெனிக்குப் போனவளுக்குக் கதை எழுத வராது என்று உன் மேலதிகாரி சொன்னாராம், நீ வேலையை விட்டுவிட்டு வருகிறாயாம். உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், வரட்டும் உடு, இங்கயே ஒரு பனியன் கம்பெனில சேத்தி உட்டுரலாம் என்கிறார். நான் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டேன். ஏன் என்று கேள்.

ஆயுத பூஜைக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது உன் பழைய வீடியோ கேம் கிடைத்தது. நீ அந்தப் பாம்பு கேசட்டைப் போட்டு ஆடும்போது நான் ஒருநாளும் டிவியைப் பார்த்ததில்லை, மடியில் பனியன், கண்ணெல்லாம் நூல் பிசிறு வெட்டுவதில். நீ சொல்லச் சொல்லக் கேட்டதுதான் எனக்குக் கதை. பாம்பு தூக்கிப்போன தங்கச்சியைத் தேடி அண்ணன்காரன் மலை மலையாய்த் தாண்டுவான், வீட்டில் அம்மா அவன் பங்குச் சோற்றை எடுத்து மூடி வைப்பாள், அந்த இடம் வந்தாலே கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைப்பேன். அந்த அம்மாவைக் கண்ணால் பார்த்தே தீருவது என்று நானே ஆட உட்கார்ந்தேன். ஆர்டர் இல்லாமல் நான் போகிற பனியன் கம்பெனியில் பாதி நாள் லீவுதான். செத்துச் செத்துப் பிழைத்தேன் போ, கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. இந்த வயசுல இதென்ன கூத்து என்று உன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். விடுவேனா? போன ஞாயிற்றுக்கிழமை பாம்பைக் கொன்றேன்!

கொன்றதும் இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது. பக்கத்து வீட்டு முனவர் பேகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஆட்டம் முடிஞ்சுதுன்னு மட்டுந்தானுங்க அக்கா போட்டிருக்குது என்றாள். பட்டனை அழுத்தினால் பையன் பழையபடி முதல் மலையடியில் நிற்கிறான். தங்கச்சியும் இல்லை, வீடும் இல்லை, சோறும் இல்லை. இத்தனை வருஷம் ஏமாற்றிவிட்டாளே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் உறைத்தது. அடி கள்ளி, கேசட்டில் இல்லாத அந்த அம்மா நீ பெற்ற பிள்ளையல்லவா! சின்ன வயதிலேயே என்னை அழ வைத்தவளுக்கா கதை வராது? அந்த அதிகாரி சொன்னால் ஆச்சா, கேட்டு அழுதவள் நான் சொல்கிறேன்.

ராஜினாமாவைக் கிழித்துப் போடு. அந்த அம்மாவை எழுதி அவர் மேசையில் வை. வேண்டாம் என்றால் வேறு கம்பெனி பார். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை கண்ணு. மாரியாத்தா உன் கூடவே நிற்பாள். ஒன்றை மட்டும் மறக்காதே, அந்தப் பையன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வீடு வந்து சேராமல் நீ இந்த வாசலை மிதிக்கக் கூடாது. அவன் சேர்ந்ததும் வா, உன் பங்கை எடுத்து மூடி வைத்திருப்பேன்.

உன் அம்மா
சுப்பாத்தாள்