ஓடையில் விட்ட கம்பளி

அன்பு மகள் தேவயானிக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். புதுச்சேரியில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க குலசாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

சாமை அறுத்துக் களத்துக்கு வந்துவிட்டது. அப்பா இல்லாத முதல் அறுப்பு, ரேணுகாதேவி அத்தைதான் கூட நின்றாள். போனில் பேச வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கோணல் எழுத்து. அப்பாவைப் புதைத்த பிறகுதான் நீ வந்து சேர்ந்தாய். நீ கடலுக்கு அடியில் குப்பை எடுத்துக்கொண்டு இருந்தாய், போன் படகில் கிடந்தது, உனக்கு எப்படித் தெரியும். அது தெரிந்தும் அத்தனை பேர் எதிரில், இன்னாத்துக்குடி இப்ப வந்த, ஊரான் குப்பையைப் பொறுக்கறவளுக்கு அப்பன் எதுக்கு, கருமாதிக்கும் வராதடி, போய் அதையே பொறுக்கு என்று கத்தினேன். நீ பையை எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் பஸ்ஸுக்கு நடந்தாய்.

கருமாதி அன்று அப்பா துணியை ஓடையில் விடவேண்டும் இல்லையா. அவருக்குக் குளிர் ஆகாது, கம்பளி நனைந்தால் போகிற இடத்தில் எதைப் போர்த்துவார் என்று நினைத்து, துணிக்கடை கவர் இரண்டில் வைத்து, காற்று போகாமல் முடிச்சுமேல் முடிச்சுப் போட்டு ஓடையில் விட்டேன். போன வாரம் தடுப்பணையில் மாடு கழுவப் போன உன் சித்தப்பா தமிழ்மணி அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அண்ணி, அண்ணன் இன்னும் போவல, குப்பையோட குப்பையா மாட்டிக்கினு கீறாரு, மூணு ஊரு கவரும் அங்கதான் கீது என்று சிரிக்கப் பார்த்தான், அவனாலும் முடியவில்லை. அவிழ்த்தேன். மூன்று மாதம் தண்ணீரில் கிடந்தும் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை, பீடி வாசனை அப்படியே இருந்தது.

நீயும் கூட இருக்கிறவர்களும் சம்பளம் வாங்காமல் கடலில் முங்கி, எங்கே என்ன குப்பை கிடக்கிறது என்று எண்ணி எழுதி மேலே கொண்டுவருகிறீர்கள் என்று அப்பாவிடம் சொல்வாயே. இந்த மூட்டை ஆற்றோடு போய் உன் கடலில் சேர்ந்து, நீ அவிழ்த்து உன் அப்பன் கம்பளியைப் பார்த்திருந்தால் என்று நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

செத்தவர் துணி வூட்டில் இருக்கக்கூடாது, கவர் இல்லாமல் மறுபடி விடு என்கிறாள் அத்தை. நான் விடவில்லை. அதை என்ன செய்வது என்று நீ வந்துதான் சொல்லவேண்டும். எத்தனை பேர் எதிரில் திட்டினேனோ அத்தனை பேர் எதிரிலும் தப்பு என்னுது என்று சொல்கிறேன். கோபம் போகட்டும் என்று காத்திருக்காதே, கோபத்தோடே வா.

சளி இருக்கும்போது கடலில் இறங்காதே, காது போய்விடும் என்று நீதான் சொன்னாய். நூறு வயசு நன்றாக இரு.

உன்னைப் பெற்றவள்,
ரத்தினம்மாள்