பூசை முடிந்தும் எழாதவர்

என்னங்க, இன்று பூசை முடிந்ததும் அணைத்த மெழுகுத்திரியின் புகை வாசம் கோயில் முழுக்க நின்றது. ஆண்கள் பக்கம் ஒரு பெரியவர் மட்டும் இன்னும் முழந்தாளில் இருந்தார். வாசல்வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். கால் நிலைகொள்ளவில்லை. கடைசியில் அவரிடமே போய், "எழுந்திருக்க முடியலீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "ஜெபம் பண்ண விடும்மா!" என்று எரிந்து விழுந்தார். நீங்கள் பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள்.

எல்லாம் உங்களால் வந்த வினை. சுதந்திரம் வந்த புதிதில், மைசூர் ரயில்வே பட்டறையில் இரும்பு தூக்கிய உடம்பு உங்களுடையது. வேலை விட்டால் சாராயக் கடை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வந்த பழக்கம். ஒரு தவக்காலத்தில், "விட்டுட்டேன் லூர்து, மாதா மேல ஆணை," என்றீர்கள். அதற்கேற்ப, கூட்டம் கலைந்த பிறகும் நீங்கள் மட்டும் முழந்தாளில். பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். "உன் வீட்டுக்காரருக்கு என்னா பக்தி!" என்று அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்கா சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிறு பொறுமை போய், யார் பார்த்தாலும் சரியென்று ஆண்கள் பக்கம் வந்தேன். பெஞ்சைப் பிடித்து எழப் பார்த்தீர்கள். தொடை நடுங்கி மறுபடி விழுந்தீர்கள். வாயில் சாராய நெடி. "கால் கேக்க மாட்டேங்குது. நீ போ, ஜனங்க பாக்கறாங்க." பக்தியுமில்லை, விட்டதுமில்லை. ஓங்கி அறையத்தான் தோன்றியது. தோளைக் கொடுத்தேன்.

டாக்டர் உங்கள் தொடையை அழுத்திப் பார்த்தார். வேட்டிக்குள் அவ்வளவு சூம்பிப்போயிருந்தது எனக்கே தெரியாது. கன்னடக்காரர், தமிழில்தான் சொன்னார்: "குடி ஈரலை மட்டும் இல்லம்மா, தசையையும் தின்னும். தொடையும் தோளும்தான் முதல்ல போகும். அடியோட நிறுத்தினா பலம் ஸ்வல்ப ஸ்வல்பமா, கொஞ்சம் கொஞ்சமா திரும்பும்."

பிறகு நிஜமாகவே விட்டீர்கள். கை நடுங்கி, தூக்கம் கெட்டு, என்னைத் திட்டித் திட்டியே விட்டீர்கள். ஞாயிறுதோறும் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். சாமியார் முறைத்தார், நானும் முறைத்தேன். ஒரு கிறிஸ்துமஸ் பூசையில், பெஞ்சைக்கூடத் தொடாமல் எழுந்தீர்கள். எழுந்த பிறகு என் தோளில் கை வைத்தீர்கள். "அதான் எழுந்தாச்சே," என்றேன். "இந்தப் பழக்கத்தையும் விடச் சொல்லாதே," என்றீர்கள்.

கால் திரும்பியது, ஈரல் திரும்பவில்லை. அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டீர்கள்.

இப்போதும் கடைசி ஆசீர்வாதம் ஆனதும் என் வலது தோள் தானாகத் தாழ்கிறது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருக்கிறேன். பிறகுதான் எழ முடிகிறது.