கேபிளின் மேல் ஒரு கை

மார்ச் 3, செவ்வாய்

சாப்பாட்டு மேசை மறுபடியும் அக்காவின் வசம். எங்கள் வீட்டுக் கணினியின் முதுகில் கார்டு செருக இருப்பது ஒரே ஒரு ஸ்லாட். பிரிண்டர் கார்டைச் செருகினால் டிஸ்க் இல்லை. டிஸ்கைச் செருகினால் பிரிண்டர் இல்லை. அந்த ஒன்றிலிருந்து நான்கை உண்டாக்குகிறாள். ஒரு முழ நீளத் தட்டைக் கேபிள், அதன் முனையில் நான்கு ஸ்லாட் கொண்ட போர்டு. டிஸ்கை இயக்கும் கன்ட்ரோலர் கார்டும் அவள் கைவேலைதான்.

அம்மா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். "வீட்டுல மனுஷனுக்கு ஒரு இடம் இல்ல, அதுக்கு நாலு இடம் கேக்குதா?"

மார்ச் 5, வியாழன்

அக்கா ஈயத்தை உருக்கிச் சால்டர் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளி. மூச்சு. அடுத்த புள்ளி. நான் எழுதிய வாக்கியம் எதிலும் இவ்வளவு கவனம் இருந்ததில்லை. பொறாமையா? பொறாமை என்றால் இப்படி உட்கார்ந்து பார்க்க முடியாது.

கணினிக் கடைக்காரர் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார். போர்டு ஓடினால் தன் கடைக்கு அதையே செய்து தரச் சொல்வார். ஓடாவிட்டால் அக்கா அப்பாவின் ஆபீஸில், கணக்குப் பிரிவில். அப்பா பேசி முடித்துவிட்டார். "அந்த வெள்ளி வரைக்கும்தான் பொறுப்பேன்."

மார்ச் 8, ஞாயிறு

ஓடவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

ஓடியது! டிஸ்கிலிருந்து என் கட்டுரையை எடுக்கப் பார்த்தோம். பிழை, பிழை, பிழை. அலுத்துப்போய் மேசைமேல் சாய்ந்தேன். உள்ளங்கை கேபிளில் பட்டது. கட்டுரை முழுவதும் திரையில். கையை எடுத்தேன் — பிழை. வைத்தேன் — கட்டுரை.

நான் குதித்தேன். அக்கா குதிக்கவில்லை. "உன் கை அப்படி என்னடா பண்ணுது?"

மார்ச் 12, வியாழன்

காரணம் இன்னும் தெரியவில்லை. அம்மா கை வைத்தாலும் ஓடுகிறது. அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் கைராசி அப்படி!"

அக்காவிடம் சொன்னேன்: "நாளைக்கு நான் சும்மா சாஞ்ச மாதிரி கையை வச்சுக்கறேன்க்கா. அவருக்கு எங்க தெரியப்போகுது?"

அவள் கேபிளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

கடைக்காரர் வந்தார். கை வைத்தேன். டிஸ்க் ஓடியது, பிரிண்டரும் ஓடியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாகூட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கையை எடுடா," என்றாள் அக்கா.

எப்படி எடுப்பேன்?

"எடுடா."

எடுத்தேன். திரை நிறையப் பிழை.

"இவன் கை இருந்தாதான் சார் ஓடுது. ஏன்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியற வரைக்கும் இதை விக்கக் கூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல சாமான்தாம்மா. ஆனா ஒவ்வொண்ணோடயும் ஒரு தம்பியை அனுப்ப முடியாதே!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு கேள்விப்பட்டிருக்கேன். வாயாலயே தட்டிவிட்டதை இப்பதான் பாக்கறேன்."

எனக்கும் ஆத்திரம்தான். யார்மேல்? என் உள்ளங்கை வேர்த்திருந்தது. அவள் ஸ்க்ரூக்களைத் தேடிப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். எங்கிருந்து வருகிறது இந்த நிதானம்? ஒரே வீட்டில்தானே வளர்ந்தோம்.

மார்ச் 16, திங்கள்

அக்கா ஆபீஸுக்குப் போனாள்.

மார்ச் 29, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டாள்! கேபிளைப் பாதி நீளத்துக்குக் குறைத்து, போர்டின் முனையில் நெல்மணி அளவில் மின்தடை ரெசிஸ்டர்கள் வைத்திருக்கிறாள்.

அம்மாவும் நானும் விழித்தோம். அக்கா விளக்கினாள்: "காலி ரூம்ல கத்தினா குரல் சுவத்துல மோதித் திரும்பி வருதில்ல? சிக்னலும் அப்படித்தான், முனை வரைக்கும் போய்த் திரும்புது. கார்டு அதையும் புதுசுன்னு நம்பிடுது. இவன் கை அந்த எதிரொலியைக் கொஞ்சம் அமுக்கியிருக்கு. இப்ப அதை இந்த ரெசிஸ்டர் அமுக்கும்." அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை.

பகல் முழுக்க டிஸ்கை எழுதவும் படிக்கவும் வைத்தாள். ஒரு பிழை இல்லை.

எதிரொலி. இலக்கியம் படித்தவன் நான். அந்தச் சொல்லை எத்தனை கட்டுரைகளில் அலங்காரத்துக்கு இழுத்திருப்பேன். அது இருக்கும் இடத்தை அவள் பார்த்திருக்கிறாள்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆபீஸ் முடிந்து போர்டைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். "தம்பி வரலையா?" என்றுதான் முதலில் கேட்டாராம்.

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் கடைக்காரரிடமிருந்து போன். இருபது போர்டு வேண்டும்.

அக்கா ஆபீஸுக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டியபடி நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார். ரிசீவரை எடுத்து ஆபீஸ் எண்ணைப் போட்டார். "பொண்ணுக்குக் காய்ச்சல். இன்னைக்கு வரமாட்டா." வைத்தார்.

"எனக்குக் காய்ச்சல் இல்லப்பா."

அப்பா மறுபடி ரிசீவரை எடுத்தார். அதே எண்.

"நான்தான். காய்ச்சலெல்லாம் இல்ல. அவ வீட்டுல போர்டு செய்யறா, இனிமே அங்க வரமாட்டா." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "அது... ஒரு ஸ்லாட்டை நாலாக்கறது. சுலபமில்ல சார். முனையில எதிரொலி அடங்கணும்."