தண்ணிக் குழாயில் ஒரு கூண்டு

மேனாம்பேடு, அம்பத்தூர்
தை மாதக் கடைசி, 1992

மகன் கஜபதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெண்சாதி பத்மாவும் உன் மகளும் உயிரோடு சுகமாக இருக்கிறோம். உயிரோடு என்று எதற்கு எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும். மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க மாங்காட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன், வாய்தான் வேண்டுகிறது, மனசு இன்னும் கூட வரவில்லை. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. எப்போதும் நான் சொல்லச் சொல்ல பத்மா எழுதுவாள், அடியில் என் பெயரை மட்டும் நான் போடுவேன். இந்தக் கடிதத்தை அவள் எழுத முடியாது, பார்க்கவும் கூடாது. அதனால் மூணாங்கிளாஸ் படிப்பை வைத்துக்கொண்டு, அவள் பள்ளிக்கூடச் சவாரி போகிற நேரமாகப் பார்த்து, அரிசி டப்பா மேல் தாளை வைத்து நானே எழுதுகிறேன். பாதி எழுதி ஒளித்து வைத்து மறுபடி எடுத்து எழுதுகிறேன். ஆனால் கோபம் மட்டும் விட்ட இடத்திலேயே சூடாக நிற்கிறது.

நீ மஸ்கட் போகும்போது அந்தப் பழைய டாக்ஸி ஃபியட்டைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனாய். சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. அதை எழுப்பி, தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, இந்தத் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கிச் சம்பாதிக்கிறவள் அவள். ஒரு நாள் நம் சந்தில் ஒரு பக்கம் தண்ணி லாரி, ஒரு பக்கம் எருமை, நடுவில் பிள்ளைகளோடு இவள். யாரையும் இறங்கச் சொல்லாமல், ஆரனும் அடிக்காமல், சந்து முழுக்கப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் திருப்பினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் சுலைமான் பாய். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பட்டறை வைத்து ரேஸ் வண்டிகளுக்கு வேலை செய்கிறாரே, அவர்தான். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னாம்மா இது, இந்தக் கையை வெச்சிகினு ஸ்கூல் பசங்களையா இட்டுகினு போற, இருங்காட்டுக்கோட்டைல பொம்பளைங்களுக்குத் தனி ரேஸ் வெக்கிறாங்க, இதே ஓட்ட ஃபியட்டுதான் அங்கயும் ஓடுது, வரியா சொல்லு, மீதிய நான் பாத்துக்கறேன் என்றார்.

முதலில் குதித்தவள் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு மருமகள் தொப்பி மாட்டிக்கொண்டு ரோட்டில் பறந்தால் ஊர் என்ன சொல்லும் என்று கத்தினேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அத்தை, நீங்க வேணாம்னா வேணாம், ஆனா ஒரு தபா வந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க என்றாள். பார்த்தேன். அங்கே பழக விடுகிற நாளில் அவள் ஓட்டினதைப் பார்த்தேன். சரி, ஓட்டு என்று நானே சொன்னேன். உன்னையும் கேட்டு எழுதினோம். அந்தக் கடிதத்தையும் அவள்தான் எழுதினாள், ஒவ்வொரு வரியையும் எனக்குப் படித்துக் காட்டினாள். உன் இஷ்டம் போல் செய் பத்மா, எனக்குச் சந்தோஷம்தான் என்று பதில் எழுதினாய். அந்தக் கடிதத்தை அவள் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். நினைவு வைத்துக்கொள், நீ எழுதின வார்த்தை அது.

அதற்கப்புறம் இந்த வீட்டில் யாரும் சும்மா உட்காரவில்லை. பின் சீட்டைக் கழற்றி வெளியே போட்டோம், நான் பகல் தூக்கம் தூங்குவது இப்போது அதில்தான். மிதியடி, கதவு அட்டை, ரேடியோ எல்லாம் போயிற்று, கனம் குறைய வேண்டுமாம். சவாரி நேரத்தில் மட்டும் பிள்ளைகள் உட்காரக் கழற்றி மாட்டுகிற பலகை ஒன்று போட்டுக்கொள்வாள். விளக்குக் கண்ணாடி உடைந்தால் ரோட்டில் சிதறக் கூடாது என்று குறுக்கும் நெடுக்கும் டேப் ஒட்டினோம். டயர் வேறு ஒருவர் ஓட்டித் தேய்த்துப் போட்டது, ஹெல்மெட் பாய் இரவல் வாங்கி வந்தது. அதற்குள் கொண்டை நுழையவில்லை என்று பத்மா பின்னலை மடக்கிக் கட்டப் பழகினாள். போடுகிற துணி பருத்தியாக இருக்க வேண்டும், நைலான் என்றால் நெருப்பில் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். உன் அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் போட்ட, சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த காக்கி டாங்கிரியைப் பெட்டியிலிருந்து எடுத்து இடுப்பு பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். கொடி ஆட்டினால் என்ன அர்த்தம் என்று வேறு பாடம். உன் மகள் முற்றத்தில் நின்று மஞ்சள் துணியை ஆட்டுவாள், அம்மா முந்தாதே முந்தாதே என்று கத்துவாள். என் சிவப்புப் பாவாடையை ஆட்டினால் பத்மா கையில் என்ன வேலை இருந்தாலும் நின்றுவிட வேண்டும். குழம்பு கரண்டியோடு சிலை மாதிரி நின்றிருக்கிறாள்.

மீதி இருந்தது அந்தக் கூண்டு ஒன்றுதான். உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன், கேள். வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்கி ஓட்டுகிறவர் தலையில் இறங்காமல் தாங்குவதற்காக உள்ளே குழாயால் கட்டுகிற கூண்டு அது. அதற்கென்று ஒட்டுப் போடாத கெட்டிக் குழாய்தான் வைக்க வேண்டும் என்று பாய் தலையில் அடித்துச் சொன்னார். வெல்டிங் வேலையை உன் பெரியப்பா மகன் பக்தவத்சலத்திடம் கொடுத்தோம். சொந்தக்காரன், கூலி பார்க்க மாட்டான் என்று பத்மாதான் சொன்னாள். எனக்கு அப்போதே இஷ்டமில்லை. உன் தாத்தா காரியத்தில் என் இலைக்கு மட்டும் காய் இல்லாமல் மேலாக வெறும் சாம்பாரை மொண்டு ஊற்றினாள் அவன் அம்மா, அந்தக் கை வளர்த்த பிள்ளைதானே. கூண்டை வைத்து கருப்புப் பெயின்ட் பளபளவென்று அடித்து அனுப்பினான். பாய் அந்த வாரம் வெளியூர் போயிருந்தார். வந்ததும் வேலையில் குனிந்தவர், சொன்ன பைப்தானே வத்சலம் என்று கேட்டதோடு சரி. அதே பைப்தான் பாய் என்றிருக்கிறான்.

ரேஸ் நாளில் விடியுமுன் கிளம்பி பூந்தமல்லி தாண்டிப் போனோம். ஓட்டுவதற்கு முன் தகரக் கொட்டகையில் வண்டியைப் பரிசோதனை செய்கிறார்கள். ஒரு பெரியவர், வெள்ளைத் தொப்பி, மரியாதையான மனிதர். முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்க்கச் சொன்னார். வண்டிக்குள் ஆடுகிற சாமான் எதுவும் இருக்கக் கூடாதாம். ஸ்டியரிங்குக்கு மேலே பத்மா உன் போட்டோவை ஒட்டி வைத்திருந்தாள், மஸ்கட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பாயே, அதுதான். அதையும் எடுக்கச் சொன்னார். அவள் கிழியாமல் மெள்ள உரித்து, புடவைத் தலைப்பால் துடைக்க வந்து, அன்றைக்கு டாங்கிரி போட்டிருக்கிறோம் என்று நினைவு வந்து சிரித்து, பத்திரமா வெச்சிகினு இருங்க அத்தை என்று என்னிடம் கொடுத்தாள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அந்தப் பெரியவர் கூண்டைத் தட்டினார். மறுபடி தட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துப் பெயின்டைச் சுரண்டினார். கருப்புக்குக் கீழே வெள்ளை வெளேரென்று வந்தது. அம்மா, இது வீட்டுக்குத் தண்ணி கொண்டு வர குழாய், வண்டி கவுந்தா மொதல்ல மடங்குறது இதுதான், மடங்கி உங்க கழுத்துலதான் எறங்கும், இதை வெச்சி உங்களை உள்ள விட்டா நான் தூங்க முடியாது என்றார். பத்மா ஹெல்மெட்டைக் கழற்றிப் பாயிடம் கொடுத்தாள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்ற பெண்கள் ஓட்டின ரேஸை முடிகிற வரைக்கும் நின்று பார்த்தாள். வரும்போது அந்த வண்டியைத் தானேதான் ஓட்டி வந்தாள், ஒரு பள்ளத்திலும் விடவில்லை.

மறுநாள் நான் பக்தவத்சலத்தின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அவள் சவாரிக்குப் போயிருந்தாள், அது அம்மன் செயல். பாய் எனக்கு முன்பே அங்கே வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னா வத்சலம், நான் சொன்ன பைப் இன்னா, நீ வெச்ச பைப் இன்னா, ஒரு பொம்பள உசுரு உனக்கு வெளையாட்டா கீதா என்று உலுக்கிக்கொண்டிருந்தார். அவன் கையை உதறிவிட்டுச் சொன்னான், என் காது கேட்கச் சொன்னான். என்னை இன்னாத்துக்குப் புடிக்கிறீங்க பாய், ஊட்டுக்காரன் சொன்னான் செஞ்சேன், மஸ்கட்லேர்ந்து போன் போட்டான், அண்ணாத்தே நீ தண்ணிக் குழாயே வெச்சி வுடு, செக்கிங்ல தூக்கி வெளியே போட்ருவாங்க, அத்தோட அவளும் அடங்குவா, நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேணான்னான், போய் அவனைக் கேளுங்க என்றான். என் கையில் அவனுக்காகவே கொண்டுபோன செருப்பு இருந்தது. அடித்தேன். ஆனால் அடிக்கும்போதே தெரிந்தது, அடி போக வேண்டிய இடம் கடல் தாண்டி இருக்கிறது என்று.

கஜபதி, நீ அங்கே வண்டி ரிப்பேர் பார்க்கிறவன். எந்த இரும்பு எதைத் தாங்கும் என்று தெரிந்தவன். தெரியாமல் செய்தவனை நான் திட்டிவிட்டு விட்டுவிடுவேன். பரிசோதனையில் எடுத்துவிடுவார்கள் என்று நம்பினாயே, அந்தப் பெரியவருக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்திருந்தால்? வண்டிகள் நிறைய நிற்கிறது என்று பார்க்காமல் அனுப்பியிருந்தால்? உன் மகள் வேலிக்கு இந்தப் பக்கம் மஞ்சள் துணியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், அவள் கண் முன்னால் நடந்திருக்கும். வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தப் பெண் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பாள். அதற்கு உனக்குத் துணிவில்லை. நல்ல புருஷன் என்கிற பெயரும் வேண்டும், அவளும் அடங்க வேண்டும்.

எதற்கு இது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு மறதி கிடையாது, உனக்குத் தெரியும். மீசை முளைக்காத வயசில் சைக்கிளை மிதித்துக்கொண்டு செங்குன்றம் வழியாகச் சோழவரம் போவாய், அங்கே அப்போது நடந்த ரேஸைப் பார்க்க. வேலி தாண்டிக் குதித்து டிரவுசர் கிழிந்து வந்து நிற்பாய். அப்பா அடிக்க வந்தால் ஒரு நாள் நானும் ஓட்டுவேன் பாருப்பா என்பாய். அந்த ஃபியட்டை வாங்கினதே அந்த நினைப்பில்தான். டாக்ஸி விடத்தான் என்று ஊருக்குச் சொன்னாய். நீ ஓட்டாத வண்டியை அவள் ஓட்டுகிறாள், அதுதானே உன் வயிற்றில் எரிவது. பொறாமை என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும், எனக்கும் அது வண்டி வண்டியாக உண்டு. ஆனால் யார் மேல் பொறாமைப்பட்டேனோ அவள் கேஸ் அடுப்பில் ஓட்டைக் குழாயை நான் மாட்டினதில்லை.

பத்மாவுக்கு இது எதுவும் தெரியாது. பக்தவத்சலம் காசுக்கு ஆசைப்பட்டுச் செய்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாய் வாயைத் திறக்க மாட்டார். மற்றவன் திறந்தால் அவன் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். தண்ணிக் குழாயை அறுத்து எடுத்தாயிற்று. கெட்டிக் குழாயில் புதுக் கூண்டு போட்டாயிற்று, இந்தத் தடவை நானும் பாயும் பக்கத்தில் நின்று போடவைத்தோம். அது எப்படி வந்தது என்று நீ கேட்காதே, ஊருக்கு வரும்போது என் வெறும் காதைப் பார்த்துத் தெரிந்துகொள். அறுத்த குழாயைப் பின்பக்கம் நட்டுத் துணி காயப்போடுகிறேன். அதற்கு அது நல்ல குழாய்தான், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. மாசியில் மறுபடி ரேஸ். அதற்குள் நீ உன் கையால் அவளுக்கு எழுத வேண்டும். நான்தான் செய்யச் சொன்னேன் என்று எழுது, சுற்றி வளைக்காதே, அம்மா உடம்பு எப்படி என்று ஆரம்பிக்காதே. அவள் உன்னை மன்னிப்பாளோ மாட்டாளோ அது அவள் பாடு, நான் அவளுக்காகப் பேச மாட்டேன், உனக்காகவும் பேச மாட்டேன். உன் கடிதம் வராவிட்டால் நான் சொல்வேன். ரேஸுக்கு முன்னால் சொல்ல மாட்டேன், அந்தக் கோபத்தை அவள் கையில் கொடுத்து ஸ்டியரிங்கைப் பிடிக்க விட மாட்டேன். ஓட்டி முடித்து இறங்கினதும் சொல்வேன்.

மற்றபடி உன் மகளுக்கு முன் பல் விழுந்தது. வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே, உனக்குச் சின்ன வயசிலேயே மூக்கில் ரத்தம் வரும். எண்ணெய்ப் பலகாரம் குறைத்துக்கொள். திட்டினாலும் பெற்ற வயிறு, நீ ஒரு குறையும் இல்லாமல் நல்லபடி வந்து சேர அம்மன் துணை இருக்கட்டும். தபால் போய் வர நாளாகும், அதனால் இதைப் படித்த அன்றைக்கே எழுது.

உன் போட்டோவை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. என் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் கிடக்கிறது. புதுக் கூண்டு போட்ட அன்றைக்கு, கழற்றி மாட்டுகிற மாதிரி பக்கத்தில் ஒட்டிக்கறேன், குடுங்க அத்தை என்று கேட்டாள். வைத்த இடம் மறந்துபோச்சு என்றேன். நேற்று மறுபடி கேட்டாள், அதையே சொன்னேன். எனக்கு எதுவும் மறக்காது என்று இந்தத் தெருவுக்கே தெரியும். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் உலை வைக்கப் போனாள்.

உன்னைப் பெற்ற
கன்னியம்மா