உதவாமல் நின்ற பன்னிரண்டு பேர்மேல் நான் கொடுத்த புகார்

அனுப்புநர்:
புறநோயாளி எண் 417
(கேக்குகளில் க்ரீமால் பெயர் எழுதுபவர்),
சந்தை முனை பேக்கரி.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: பக்கவாதத்துக்குப் பின் கையையும் விரல்களையும் மீட்கும் சிகிச்சையாளர்களுக்கான பயிற்சி – என் புகாரால் நிறுத்தப்பட்டது – புகாரை ரத்து செய்து பயிற்சியைத் தொடர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் புகார் (இடது கைக் கையெழுத்து).
2. அதைத் திரும்பப் பெறக் கோரிய என் கடிதம் (வலது கைக் கையெழுத்து).
3. ‘கையெழுத்து ஒத்துப்போகவில்லை’ என்று அக்கடிதத்தைத் திருப்பிய தங்கள் அலுவலகக் குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் தங்களுக்கு ஒரு நன்றி. என் புகாரைக் குப்பைக் கூடையில் போடாமல் படித்தீர்கள், நடவடிக்கையும் எடுத்தீர்கள். ஒரு பேக்கரிக்காரனின் கடிதத்துக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. தப்பு நடவடிக்கையில் இல்லை, புகாரில் இருந்தது.

1. ஏழு மாதங்களுக்கு முன் எனக்குப் பக்கவாதம் வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் க்ரீம் கூம்பைப் பிழிந்த வலது கை, ஈரத் துணிபோலத் தொங்கியது. சிறிய மருத்துவமனைகளிலிருந்து வரும் பன்னிரண்டு சிகிச்சையாளர்களுக்கு இங்கே ஆறு வாரப் பயிற்சி என்றும், அவர்கள் பழகுவதற்கு நோயாளிகள் தேவை என்றும் அறிவித்தார்கள். என்னைக் கேட்காமலே என் மனைவி என் பெயரைக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். இன்று அவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். வீட்டில் சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

2. இரண்டாம் வாரக் கடைசியில், பயிற்சி நடத்திய அம்மையார் என் இடது கையில் தடித்த கையுறையை மாட்டி, அந்தக் கையைப் பயன்படுத்தக் கூடாது என்றார். எதிரே தட்டில் ஒரு ரொட்டித் துண்டு. அன்று காலையில் நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. இருபது நிமிடம் முயன்றேன். ரொட்டி தட்டிலிருந்து மேசைக்கு வந்தது, மேசையிலிருந்து மடிக்கு, மடியிலிருந்து தரைக்கு. பன்னிரண்டு பேரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். ஒருவர்கூடக் குனியவில்லை. பேக்கரியில் வேலை செய்கிறவன் ஒரு துண்டு ரொட்டிக்காக அத்தனை பேர் முன்னால் அழுதேன். வீட்டுக்கு வந்த சூட்டோடு மைத்துனரை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதவைத்து, இடது கையால் கையெழுத்தைக் கிறுக்கி அனுப்பியதுதான் அந்தப் புகார். ‘படித்தவர்கள் பன்னிரண்டு பேர் ஒரு நோயாளியை வேடிக்கைப் பொருளாக்கினார்கள்’ என்ற வரி என்னுடையது. மைத்துனர் அதை மிகவும் பாராட்டினார்.

3. அன்றைய பாடம் எனக்கானது அல்ல, அவர்களுக்கானது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நாம் எடுத்துக் கொடுத்தால் நோயாளியின் கை எதையும் கற்காது; பொறுத்து நிற்கத்தான் சிகிச்சையாளருக்கு முதலில் தெரிய வேண்டும் என்பது அந்த அம்மையாரின் முறை. பன்னிரண்டு பேரில் மிக உயரமானவரை நோயாளிகள் நாங்கள் ஒட்டகச்சிவிங்கி என்போம். குனியாமல் இருப்பதற்காக அவர் தன் விரல்களையே இறுக்கிப் பிடித்திருந்தாராம். நகம் பதிந்த தடம் மறுநாள்வரை இருந்ததாம். அடுத்த வாரம் அவர்களே தங்கள் எழுதும் கையில் கையுறை மாட்டி ஒரு முழுப் பகலை ஓட்டினார்கள். தேநீர் பாதி சட்டையில், பாதி தரையில். நோய் வந்தபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

4. நான்காம் வாரத்தில் என் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது. ‘அவசரப்படாதீங்கண்ணே, வருது’ என்றார் அம்மையார். ஐந்தாம் வாரத்தில் கடையிலிருந்து கூம்பைக் கொண்டுபோய், ஒரு தட்டில் க்ரீமால் கோடு போட்டேன். படு கோணல். அந்தக் கோணல் கோட்டைப் பன்னிரண்டு பேரும் விரலால் வழித்துத் தின்று தீர்த்தார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன்.

5. அடுத்த திங்கட்கிழமை பயிற்சி அறை பூட்டிக் கிடந்தது. புகார் வந்ததால் பயிற்சி நிறுத்தம், அம்மையார்மேல் விசாரணை, அடுத்த குழுவும் ரத்து என்று கதவில் ஒட்டியிருந்தது. எந்தப் புண்ணியவான் இந்த வேலையைப் பார்த்தது என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி திட்டினேன். அங்கிருந்த எழுத்தர் கோப்பை என் பக்கம் திருப்பிவைத்தார். நான் அடியோடு மறந்துபோயிருந்த புகார் அதில் இருந்தது. அவர் சிரிக்காமல் இருந்ததற்கும் நன்றி.

6. புகாரின் நகல், நான் அனுப்பிய மூன்றாம் நாளே அம்மையாருக்கு வந்துவிட்டதாகவும் அந்தக் கோப்பில் கண்டேன். அதன்பின் மூன்று வாரம் அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டிருக்கிறார். குரலிலோ முகத்திலோ ஒரு மாற்றமும் நான் காணவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஐயா.

7. கையெழுத்து பற்றி: இரண்டும் நான் போட்டவையே. அவை ஒத்துப்போக வழியில்லை. முதல் கடிதம் எழுதியபோது என் வலது கையால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது எழுதியபோது முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் நடந்தது அந்தப் பயிற்சிதான். தாங்கள் அழைத்தால் நேரில் வந்து, தங்கள் முன்னிலையில் இரண்டு கையாலும் போட்டுக் காட்டுகிறேன்.

8. ஆகவே என் புகாரை ரத்து செய்து, அம்மையாரை விசாரணையிலிருந்து விடுவித்து, பன்னிரண்டு பேரின் மீதி ஒரு வாரத்தையும் அடுத்த குழுவின் பயிற்சியையும் தொடங்க உத்தரவிட வேண்டுகிறேன்.

9. இதில் அவசரம் உண்டு. செவ்வாய்தோறும் புறநோயாளிகள் பெஞ்சில் என் பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு பெண் உட்காருகிறார். அவருக்கும் வலது கைதான். அடுத்த குழு பழகுவதற்காகப் பெயர் கொடுத்திருந்தவர். முதல் சில மாதங்களில்தான் கை நன்றாகச் சொன்னபடி கேட்கும் என்று அம்மையார் எங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இது நான்காவது மாதம். என் விரல்கள் அசைவதைப் பார்த்துவிட்டு, ‘எப்பண்ணே ஆரம்பிப்பாங்க?’ என்று வாரம் தவறாமல் கேட்கிறார். யாரால் நின்றது என்பது அவருக்குத் தெரியாது. வரும் செவ்வாயன்று நானே சொல்லிவிடப் போகிறேன். அதோடு ஒரு தேதியையும் சேர்த்துச் சொல்லத் தாங்கள் கருணை காட்ட வேண்டும்.

இடம்: பேக்கரியின் பின்னறை
நாள்: 9ஆம் தேதி, வியாழக்கிழமை

நன்றியுடனும் வெட்கத்துடனும்,
(கையெழுத்து – வலது கை)
(கையெழுத்து – இடது கை, ஒப்பிடுவதற்காக)