மூன்று அளவுப் பலகைகள்

ரோரோஸ், பிப்ரவரி

என் அன்பே,

சுன்னிவா இன்று பள்ளிக்குப் பின்னால் இருக்கிற பனி மேட்டிலிருந்து விழாமல் சறுக்கி இறங்கினாள். நீ சொன்னபடி கையில் சறுக்குக் கோல் கொடுக்கவில்லை. "அம்மா, பிடிக்காத! அப்பா பிடிக்கவே மாட்டாரு," என்று கத்தினாள். விட்டுவிட்டேன்.

காலில் இருந்தது நீ வாங்கியதில் கடைசி ஜோடி. பழைய பனிச்சறுக்குப் பலகைகளை ஊரே மாற்றிக்கொள்கிற இலையுதிர்காலச் சந்தையில், நீ மூன்று அளவுகளில் தூக்கி வந்தாய். அப்போது அவளுக்கு நாலு வயது.

"ஆறு வயசுப் பலகை இப்ப எதுக்கு? உனக்குப் பைத்தியமா?" என்றேன்.

"கிடைக்கிறப்பவே எடுத்து வெச்சிடணும்," என்று சிரித்தாய்.

மருத்துவர் சொன்னதை மறுவாரம்தான் என்னிடம் சொன்னாய். அந்த ஒரு குளிர்காலம் அவளுக்கு நீயே சொல்லிக்கொடுத்தாய்.

வீட்டுக்கு வந்து அவளுடைய காலணிகளை அடுப்போரம் காய வைத்தேன். வாஃபிள் சுட்டேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், "அடுத்த வருஷத்துப் பலகை எங்கம்மா?"

மாடியில் போய்த் தேடினேன். இல்லை என்று தெரிந்தும் தேடினேன்.

பலகையை அவள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், தலைக்கு மேல் எத்தனை விரல் உயரம் இருக்க வேண்டும்? அன்று கேட்டிருக்கலாம். சண்டைதான் போட்டேன்.

இன்னும் உன் மனைவி